செத்தவ சொன்னா யாரு நம்புவா?

ஆவி, காதல், துப்பு கிடைக்காத பழைய கொலை, இந்த மூணும் ஒண்ணா வர்ற இங்கிலீஷ் நாவல்கள நான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல படிச்சுட்டு இருக்கேன். பாரநார்மல் ரொமான்டிக் சஸ்பென்ஸ்னு கடையில அதுக்குப் பேரு. கிண்டில்ல மட்டும் இருநூறத் தாண்டியிருக்கும், அதுக்கு முன்னாடி பழைய புஸ்தகக் கடையில கட்டு கட்டா வாங்குனது தனி. யாராவது என்ன படிக்கிறன்னு கேட்டா பேய்க் கதைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவேன். இன்னைக்கு அப்படி முடிக்கப் போறதில்ல, ஏன்னா ரெண்டு மாசம் முன்னாடி தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனப்போ வீட்ல ஒரு விஷயம் நடந்துச்சு, அதுக்கப்புறம் தான் இந்தக் கதைங்கள நான் ஏன் விடாம படிக்கிறேன்னு எனக்கே வெளங்குச்சு. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன்.

ஒவ்வொரு நாவல்லயும் நான் ஒரு இடத்துக்காகக் காத்துட்டு இருப்பேன். பெரும்பாலும் நூறாவது பக்கத்த ஒட்டி வரும். கதாநாயகி ஒரு பழைய வீட்டுக்குத் தனியா குடி வந்திருப்பா, மாடிப்படி திரும்புற இடத்துல ஈரத் துணியோட ஒரு பொண்ணு நிக்கிறத மூணு நாள் பார்த்திருப்பா, தனக்குத் தான் கிறுக்குப் பிடிச்சுடுச்சோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லாம இருந்திருப்பா. கடைசியில கதாநாயகன்கிட்ட சொல்றா. அவன் அந்த ஊர் போலீஸ்காரனா இருப்பான், இல்ல கோப்புகளோட வாழ்ற ஒரு வரலாற்று வாத்தியாரா இருப்பான், இதையெல்லாம் நம்பாத ஆளு. அவன் காபிக் கோப்பைய மேஜையில வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவ எந்தப் பக்கம் பார்த்துட்டு நின்னா?"ன்னு கேக்குறான். அவ்ளோ தான். தூங்கலையா, மாத்திரை ஏதாவது சாப்புடுறியான்னு கேக்கல. எந்தப் பக்கம் பார்த்தான்னு கேக்குறான். நம்புனவன் மட்டும் தான் அந்தக் கேள்விய கேப்பான். எனக்கு அந்த நாவலோட காதல் அந்த இடத்துல முடிஞ்சுடும், அதுக்கு அப்புறம் வர்ற முத்தமெல்லாம் கூடுதல் தான்.

இத ஏன் சொல்றேன்னா, இந்த வகை நாவல்ல பேய்க் கதை தனி, காதல் கதை தனி, ரெண்டையும் ஒட்ட வச்சிருக்காங்கன்னு நெறைய பேரு நினைக்கிறாங்க. எனக்கு அது ஒரே கதையாத் தான் தெரியுது. செத்துப் போனவளுக்கு ஒரு வார்த்த சொல்லணும், அத இவ நம்பணும். இவ பார்த்தத அவன் நம்பணும். அவங்க ரெண்டு பேரும் சொல்றத ஊரும் கோர்ட்டும் நம்பணும். ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் கைக்கு அந்த நம்பிக்க போய்ச் சேர்றது தான் முழு நாவலும், நடுவுல எந்தக் கை நழுவ விட்டாலும் அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவ செத்துப் போயிடுவா.

இதுக்கெல்லாம் மூத்த புக்குன்னு சொல்றது ஹொரஸ் வால்போல் 1764 கடைசியில கொண்டு வந்த 'ஒட்ரான்டோ கோட்டை'. அவரு மொதல்ல அத தன் பேர்ல விடல, 1529ல நேப்பிள்ஸ்ல அச்சான ஒரு பழைய இத்தாலியப் புஸ்தகத்தோட மொழிபெயர்ப்புன்னு சொல்லி விட்டாரு, ஜனங்களுக்குப் பிடிச்சதும் அடுத்த பதிப்புல நான் எழுதுனது தான்னு ஒத்துக்கிட்டாரு. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை மேல யானை கணக்கா ஒரு தலைக்கவசம் வந்து விழுந்து அவன் நசுங்கிப் போறத தான் எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க, ஆனா அதுக்கு அடியில கெடக்கிறது ஒரு பழைய கொலை. கோட்டைக்கு உண்மையான சொந்தக்காரரான அல்ஃபோன்சோவ, இப்ப ஆளுறவனோட தாத்தா விஷம் வச்சுக் கொன்னுட்டு, பொய் உயில் காட்டி கோட்டைய எடுத்துக்கிட்டான். மூணாவது தலைமுறையில ஆவி கணக்குக் கேக்க வருது. ஆவி, கல்யாணம், மறைச்ச கொலை, சொத்து, நாலும் அந்த மொத புக்லயே இருக்கு.

முப்பது வருஷம் கழிச்சு, 1794ல, ஆன் ராட்கிளிஃப் 'உடால்ஃபோ' எழுதுனாங்க. அதுல ஒரு கோட்டையில மாட்டிக்கிட்ட கதாநாயகி எமிலி ஒரு கறுப்புத் திரைய விலக்கிப் பார்த்து மயங்கி விழுவா, உள்ள என்ன இருந்துச்சுன்னு நூத்துக்கணக்கான பக்கத்துக்கு நமக்குச் சொல்லவே மாட்டாங்க, கடைசியில பார்த்தா அது பிணம் மாதிரி செஞ்ச மெழுகு பொம்மை. ராட்கிளிஃப் பெரும்பாலும் அப்படித் தான், பேய்க்குக் கடைசியில ஒரு நிஜக் காரணம் சொல்லிடுவாங்க. மொத தடவ படிச்சப்போ எனக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு, பயந்ததெல்லாம் உன் பிரமைன்னு எமிலிகிட்ட சொல்ற மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவ படிச்சப்போ தான் கவனிச்சேன், அந்தக் கோட்டையில அவளுக்கு ஆபத்து இருந்தது நெஜம், அவளோட சொத்துக்காக அவள அடைச்சு வச்சிருந்த மொன்டோனி நெஜம். பயப்பட்ட பொருள் தான் தப்பு, பயம் சரியாத் தான் இருந்துச்சு. அப்படிப் பார்த்தா ராட்கிளிஃப் மேல இப்ப எனக்கு வருத்தம் இல்ல.

இப்ப வர்ற நாவல்கள்ல ஆவி ஆவியாவே இருக்கு, யாரும் மெழுகு பொம்மைன்னு சொல்லி மாத்துறதில்ல. ஹெதர் கிரஹாம் 2011ல ஆரம்பிச்ச 'க்ரூ ஆஃப் ஹன்டர்ஸ்' வரிசையில ஆவிகளப் பார்க்கவும் பேசவும் முடிஞ்சவங்கள வச்சே ஒரு புலனாய்வுக் குழு இருக்கும், அப்புறம் அது எஃப்.பி.ஐ.லயே சேர்ந்துடும். நான் அந்த வரிசைய விரும்பிப் படிப்பேன், பழைய ஊர், பழைய வீடு, அதோட வரலாறுன்னு நெறைய வரும். ஆனாலும் மனசுல ஒரு குறை, அங்க எல்லாரும் எல்லாரையும் மொத பக்கத்துல இருந்தே நம்பிடுறாங்க. நம்புறதுக்கு ஒரு வெல இருக்கணும்னு நான் நினைக்கிறேன். வேலை போகும், ஊர் சிரிக்கும், கூட வேலை பார்க்கிறவன் முகத்தத் திருப்பிக்குவான்னு தெரிஞ்சும் அவன் அவள நம்புறான்னா தான் அதுல காதல் இருக்கு.

இந்த வகைய நல்லா எழுதுறவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு நுணுக்கம் இருக்கு. ஆவிக்கு எல்லாம் தெரிஞ்சு எல்லாத்தையும் சொல்லிட்டா கதை பத்து பக்கத்துல முடிஞ்சுடும். அதனால ஆவியோட வாயக் கட்டிடணும். கழுத்த நெரிச்சுக் கொன்னதால பேச முடியாது, பின்னாடி இருந்து அடிச்சதால முகத்தப் பார்க்கல, இல்ல செத்த ராத்திரி மட்டும் ஞாபகத்துல இருந்து போயிடுச்சு, மிச்சமெல்லாம் ஞாபகம் இருக்கு. அவளால முடிஞ்சது ஒரு வாசன, ஒரு பாட்டோட மொத ரெண்டு அடி, தினம் ஒரே நேரத்துக்குத் திறக்கிற ஒரு அலமாரிக் கதவு. அதோட ஆவி சாட்சி சொல்ல கோர்ட்டுக்கு வர முடியாது, ஆக அவ கை காட்டலாம், தோண்டி எடுக்க வேண்டியது உயிரோட இருக்கிறவங்க. சுவருக்குப் பின்னாடி ஒரு கடுதாசி, தரைப் பலகைக்குக் கீழ ஒரு பித்தான், சர்ச் பதிவேட்டுல ஒரு கிழிச்ச பக்கம். இந்தத் தேடல் தான் சஸ்பென்ஸ்.

கொலை எவ்ளோ பழசுங்கிறதும் முக்கியம். அமெரிக்காவுல கொலைக் குத்தத்துக்குக் காலக்கெடு கிடையாது, ஐம்பது வருஷம் ஆனாலும் வழக்குப் போடலாம். அதனால நாப்பது அம்பது வருஷத்துக் கொலைன்னா கொன்னவன் இன்னும் அந்த ஊர்லயே உயிரோட இருக்கலாம், ஊரே மதிக்கிற பெரிய மனுஷனா இருக்கலாம், சர்ச்ல மொத வரிசையில உக்காரலாம். பழைய ஃபைல ஒருத்தி தூசு தட்டுனா அவனுக்கு வேர்க்கும். நூத்தம்பது வருஷத்துக் கொலைன்னா கொன்னவனும் செத்துட்டான், அப்ப ஆபத்து எங்க இருந்து வரும்? அந்தக் கொலையால சொத்து சேர்த்த குடும்பம்னு ஒண்ணக் கொண்டு வரணும். அது அமையாத நாவல்கள்ல கடைசி முப்பது பக்கத்துல யாரோ ஒரு பைத்தியக்காரன் துப்பாக்கியோட வந்து எல்லாத்தையும் பேசித் தீர்ப்பான், அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

இதெல்லாம் கற்பனை தானேன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது மேற்கு வர்ஜீனியாவுல நடந்த கதை. கிரீன்பிரையர் கவுன்ட்டி, 1897 ஜனவரி 23. ஜோனா ஹீஸ்டர் ஷூங்கிற பொண்ணு, கல்யாணமாகி மூணு மாசம், வீட்ல மாடிப்படிக்குக் கீழ செத்துக் கெடந்தா. புருஷன் ஊருக்குப் புதுசா வந்த கொல்லன், வேலைக்கு நடுவுல ஒரு சின்னப் பையன வீட்டுக்கு அனுப்பி ஏதாவது வேணுமான்னு கேட்டுட்டு வரச் சொல்ல, அந்தப் பையன் தான் பார்த்தது. டாக்டர் வர்றதுக்குள்ள புருஷன் உடம்ப மாடிக்குத் தூக்கிட்டுப் போயி அவனே குளிப்பாட்டி, கழுத்து வரைக்கும் மூடுற விறைப்பான காலர் வச்ச கவுன போட்டு விட்டுட்டான். அந்தக் காலத்துல அங்க அது பொம்பளைங்க செய்யிற வேலை. டாக்டர் கழுத்துப் பக்கம் போனா இவன் தலையப் பிடிச்சுட்டு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணான், டாக்டரும் துக்கத்துல இருக்கிறவனத் தொந்தரவு பண்ண வேணாம்னு மேலோட்டமா பார்த்துட்டுப் போயிட்டாரு. சாவு இயற்கைன்னு எழுதியாச்சு. சவப்பெட்டியில தலைக்கு ஒரு பக்கம் தலகாணி, இன்னொரு பக்கம் சுருட்டுன துணி, கழுத்துல ஒரு பெரிய ஸ்கார்ஃப். பொணத்தத் தூக்குறப்போ தல ஒரு மாதிரியா தொங்குச்சுன்னு சிலர் பார்த்திருக்காங்க, யாரும் எதுவும் கேக்கல.

அவங்கம்மா மேரி ஜேன் ஹீஸ்டருக்கு அந்த மாப்பிள்ளைய மொதல்ல இருந்தே பிடிக்கல. பொண்ணு திரும்பி வந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்னு தினம் ஜெபம் பண்ணாங்களாம். நாலு ராத்திரி மக வந்தா. சாப்பாட்டுக்குக் கறி சமைக்கலன்னு கோவத்துல கழுத்த ஒடிச்சுட்டான்னு சொன்னா, போகும்போது தலைய முழுசா பின்னாடி திருப்பிக் காட்டுனா. அந்தம்மா நேரா அரசு வக்கீல் ஜான் பிரஸ்டன்கிட்ட போயி உக்காந்து சொன்னாங்க. அவரு பேயோட பேச்ச நம்புனாரோ இல்லையோ, அந்தம்மாவ எந்திரிச்சுப் போகச் சொல்லல, ஆளுங்கள அனுப்பி டாக்டரையும் அக்கம்பக்கத்தையும் விசாரிச்சாரு. பிப்ரவரி 22ஆம் தேதி பொணத்தத் தோண்டி எடுத்தாங்க. கழுத்தெலும்பு ஒடிஞ்சிருந்துச்சு, மூச்சுக் குழாய் நசுங்கியிருந்துச்சு, தொண்டையில விரல் தடம்.

ஜூன் கடைசியில வழக்கு நடந்துச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அரசு வக்கீல் பேயப் பத்தி ஒரு வார்த்த கேக்கல, கேட்டா செல்லாதுன்னு அவருக்குத் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் தான் இந்தக் கிழவிய அசிங்கப்படுத்தலாம்னு எடுத்தாரு, கனவு தானே கண்டீங்க, கனவு தானேன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. அந்தம்மா கொஞ்சமும் அசையல, நான் முழிச்சுட்டு தான் இருந்தேன், அது கனவு இல்லன்னு ஒரே பதில். ஜூரிக்கு முன்னாடி அவங்கள உடைக்க முடியல. ஜூலையில அவனுக்கு ஆயுள் தண்டன, 1900ல ஜெயில்லயே செத்தான். ஜோனா அவனுக்கு மூணாவது பொண்டாட்டி, ரெண்டாவது பொண்டாட்டியும் சின்ன வயசுல திடீர்னு செத்தவ தான். இன்னைக்கும் அந்தக் கல்லறைக்குப் பக்கத்து ரோட்டோரம் மாநில அரசு வச்ச பலகை இருக்கு, பேயோட சாட்சியம் கொலகாரனுக்குத் தண்டன வாங்கித் தர உதவுனதுல, தெரிஞ்ச வரைக்கும் ஒரே வழக்குன்னு அதுல பொறிச்சிருக்கு.

பேய் நெஜமா வந்துச்சான்னு நெறைய பேரு ஆராய்ஞ்சுட்டாங்க, ஜோனா செத்த சமயத்துப் பேப்பர்ல வேற ஒரு பேய் துப்புக் குடுத்த கதை வந்திருந்துச்சு, அதப் படிச்சுட்டு அந்தம்மாவுக்குத் தோணியிருக்கும்னும் சொல்றாங்க. இருக்கட்டுமே. எனக்கு எது உறுத்துதுன்னா, பெத்தவ போயி "எம்பொண்ணு சாவுல எனக்குச் சந்தேகம் இருக்கு"ன்னு சொல்லியிருந்தா எத்தன பேரு காது குடுத்திருப்பாங்க? மக வந்து சொன்னான்னா தான் ஊர் நின்னு கேட்டுச்சு. உயிரோட இருக்கிற ஒரு அம்மாவோட சொல்லுக்கு இல்லாத கனம் செத்துப் போன மகளோட சொல்லுக்கு இருந்துச்சு.

யாரும் காது குடுத்துக் கேக்காமலே போன ஒரு பொண்ணோட கதைக்கு நாம நியூயார்க் போகணும். 1799 டிசம்பர் 22, ஞாயித்துக்கிழம ராத்திரி, எல்மா சாண்ட்ஸ்ங்கிற பொண்ணு கிரீனிச் ஸ்ட்ரீட்ல தன் அக்கா முறை ஆகுறவங்க நடத்துன தங்கும் விடுதியில இருந்து, குளிருக்கு ரெண்டு கையையும் சொருகிக்கிற கைச்சூட்டு உறை ஒண்ண இரவல் வாங்கி மாட்டிக்கிட்டு வெளிய போனா. அன்னைக்கு ராத்திரி அதே விடுதியில தங்கியிருந்த தச்சன் லெவி வீக்ஸ்கூட தனக்கு ரகசியக் கல்யாணம்னு அந்த அக்காகிட்ட சொல்லிட்டுப் போனாளாம். திரும்பி வரல. அந்தக் கைச்சூட்டு உறை லிஸ்பெனார்ட் மெடோங்கிற புல்வெளியில இருந்த ஒரு கிணத்துல கெடச்சுது, ஜனவரி 2ஆம் தேதி உடம்பும் அதுலயே கெடச்சுது.

அடுத்து நடந்தத பாருங்க. லெவியோட அண்ணன் எஸ்ரா வீக்ஸ் ஊர்ல பெரிய கட்டட கான்ட்ராக்டர். தம்பிக்காக வாதாட வந்தது அலெக்சாண்டர் ஹாமில்டன், ஆரன் பர், பிராக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன், அந்த ஊரோட உச்சத்துல இருந்த மூணு பேரு. அந்தக் கிணறு ஊருக்குத் தண்ணி குடுக்குற மன்ஹாட்டன் கம்பெனியோடது, அந்தக் கம்பெனிய உண்டாக்குனதே ஆரன் பர், அதுக்குத் தண்ணிக் குழாய் செஞ்சு குடுத்தது எஸ்ரா, ஹாமில்டனுக்குக் கொஞ்ச நாள்ல வீடு கட்டித் தந்ததும் அதே எஸ்ரா. எல்மாவுக்குன்னு யாரு இருந்தா? விடுதி நடத்துற ஒரு அக்கா. எல்மா உயிரோட இருந்தப்போ தன்கிட்ட சொன்னத அந்தக்கா கோர்ட்ல சொல்ல வந்தப்போ, செத்தவ சொன்னது சாட்சியம் ஆகாதுன்னு லெவி தரப்பு எழுந்து நின்னு தடுத்துச்சு. மாறா அவ நடத்த சரியில்ல, அவ எப்பவும் சோகமா இருப்பா, தானே குதிச்சிருப்பான்னு பேச அவங்களுக்கு நேரம் இருந்துச்சு. 1800 மார்ச் 31ல ஆரம்பிச்ச விசாரணை ரெண்டே நாள்ல முடிஞ்சுது, ஜூரிக்கு அஞ்சு நிமிஷம் போதுமா இருந்துச்சு. விடுதலை. லெவி ஊர விட்டுப் போயி மிசிசிப்பியில நாட்செஸ்ங்கிற ஊர்ல பேர் பெத்த கட்டடக் கலைஞன் ஆனான். லெவி கொன்னானா, வேற யாராவதா, இன்னைக்கு வரைக்கும் முடிவு இல்ல, அவன் தான்னு நானும் சொல்ல மாட்டேன். அவ சொன்னத முழுசாக் கேக்கவே இல்லைங்கிறது மட்டும் எனக்கு ஆறல.

அந்தக் கிணத்துல இருந்து ஒரு பொண்ணு ஈரத்தோட எழுந்து வர்றான்னு நியூயார்க்ல இருநூறு வருஷமா பேச்சு இருக்கு. அந்தக்கா ஹாமில்டனப் பார்த்து சாபம் விட்டாங்கன்னும் கதை இருக்கு. ஹாமில்டன் 1804ல ஆரன் பர் கையாலயே துப்பாக்கிச் சண்டையில செத்தாரு, வழக்க விசாரிச்ச நீதிபதி ஜான் லான்சிங் 1829 டிசம்பர்ல ஒரு ராத்திரி கடுதாசி போட ஹோட்டல விட்டு வெளிய போனவரு திரும்பி வரவே இல்ல. ஜனங்க இத ஏன் கோத்துச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியுது. கோர்ட்டு கேக்காதத கதையாவது கேக்கட்டும்னு தான். அந்தக் கிணறு இன்னும் இருக்கு, ஸ்பிரிங் ஸ்ட்ரீட் 129ஆம் நம்பர் கட்டடத்தோட அடித்தளத்துக்குள்ள, வட்டமா செங்கல் கட்டு. கொஞ்ச வருஷம் அங்க துணிக்கடை இருந்தப்போ, போட்டோவுல பார்த்திருக்கேன், தொங்குற சட்டைங்களுக்குப் பக்கத்துல அந்தக் கிணத்துச் சுவர் நின்னுட்டு இருக்கும்.

நம்ம ஊர்ல இதுக்கு ஈடா ஒருத்தி இருக்கா, பழையனூர் நீலி. புருஷன் கையால செத்தவ, அடுத்த பிறவியில அவன் வியாபாரியா வர்றப்போ அவ பேயா வந்து நிக்கிறா, கள்ளிக் கொம்ப ஒடிச்சுக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ஊர்ச் சபையில முறையிடுறா. எழுபது வேளாளர் அவ அழுகைய நம்பி, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க உயிர விடுறோம்னு அவனுக்கு வாக்குக் குடுத்து அவகூட இருக்க வைக்கிறாங்க. விடிஞ்சா அவன் பொணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்குத் தீயில இறங்கிட்டாங்க. இந்தக் கதைய எல்லாரும் வேளாளர் வாக்குத் தவறாத கதையாத் தான் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுக்கு மிச்சமானது என்னன்னு யோசிச்சுப் பாருங்க, பொய்யா அழுதா நீலிக்கண்ணீர்னு சொல்றோம். அவ சபையில சொன்னது பொய் தான், ஆனா அவளக் கொன்னது பொய்யா? கொலைபட்ட ஒருத்தியோட கண்ணீர எடுத்து பொய் அழுகைக்குப் பேரா வச்சிருக்கோம். இந்த வார்த்தைய நானும் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், இனிமே என் வாயில வராது.

இப்ப வீட்டு விஷயம். எங்களுக்கு ஆரணி பக்கம். எங்க வீட்ல கல்யாணம் காதுகுத்துன்னு எது வந்தாலும் மொதல்ல பூவாடைக்காரிக்குப் படைக்கணும். சுமங்கலியா செத்துப் போன எங்க வீட்டு மருமக அவங்க, என் தாத்தாவோட அண்ணனுக்கு மொத சம்சாரம். கிணத்தடிக்குப் போயி ஒரு சொம்புல தண்ணி மொண்டு, மல்லிப்பூ சுத்தி, வா தாயேன்னு கூப்புட்டு வீட்டுக்கு அழைச்சுட்டு வந்து, புதுப் புடவை வச்சு, பொங்க வச்சுக் கும்புடுவோம். சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன். எப்படிச் செத்தாங்கன்னு கேட்டா ஒரே பதில், தண்ணி சேந்தும்போது கால் வழுக்கி கிணத்துல விழுந்துட்டாங்க. எந்தக் கிணத்துல இருந்து அவங்கள அழைக்கிறோமோ அதே கிணறு தான்.

தம்பி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி சாயங்காலம், ஆயா திண்ணையில உக்காந்து பூ தொடுத்துட்டு இருந்தாங்க, நான் பக்கத்துல கிண்டிலோட. என்ன பாப்பா அதுல படிக்கிறன்னு கேட்டாங்க. ஜோனா கதைய சொன்னேன். காலர் வச்ச கவுனு, தலகாணி, அந்தம்மா வக்கீல்கிட்ட போனது எல்லாம். ஆயாவுக்கு எண்பத்தஞ்சு வயசு, காது கொஞ்சம் மந்தம், ஆனா தலையத் திருப்பி அந்தத் தல தொங்குன விஷயத்த இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். நார் கையில அப்படியே நின்னுடுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, தெருவப் பார்த்துக்கிட்டே, "எங்க அக்கா நல்லா நீஞ்சுவாங்க பாப்பா"ன்னாங்க.

எனக்கு மொதல்ல புரியல, ஆயாவுக்கு அக்கா கிடையாது. அப்புறம் தான் ஒறச்சுது, ஓரகத்திய சொல்றாங்க. "இந்த வீட்டுக்கு நான் வந்தப்போ எனக்குப் பதினாறு, எனக்கு வாளி சேந்தத் தெரியாது, கயிறு நழுவி வாளி உள்ள போயிடும், மாமியா வைவாங்க. அக்கா தான் புடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு குதிப்பாங்க. எத்தன வாளி எடுத்துக் குடுத்திருக்காங்க." அவ்ளோ தான் சொன்னாங்க. நான் கேக்க வேண்டியது ஆயிரம் இருந்துச்சு, பெரிய தாத்தா எப்படிப்பட்டவரு, அன்னைக்கு வீட்ல யாரு இருந்தா, யாரு மொதல்ல பார்த்தது. அந்த நாவல்கள்ல நூறாவது பக்கத்துல அவன் கேப்பானே, அந்தக் கேள்வி தான் என் வாயில வந்துச்சு. "அக்கா எந்தப் பக்கம் குதிப்பாங்க ஆயா?" ஆயா என்னத் திரும்பிப் பார்த்தாங்க. கை நீட்டி, இப்ப மோட்டார் ரூம் இருக்கிற பக்கத்தக் காட்டுனாங்க, "அங்க தான் ஆழம். அங்க படி கிடையாது." அப்புறம் அவங்க பேரச் சொன்னாங்க. எங்க வீட்ல அந்தப் பேர ஒருத்தர் வாயால கேட்டது எனக்கு அது தான் மொத தடவ.

மறுநாள் காலையில அம்மா படையலுக்கு எடுத்த புடவைய ஆயா மடியில கொண்டு வந்து வச்சாங்க, கிளிப்பச்ச, எப்பவும் பூவாடைக்காரிக்கு எங்க வீட்ல பச்ச தான் எடுப்பாங்க. ஆயா அதத் தடவிப் பார்த்துட்டு அம்மாகிட்டயே திருப்பிக் குடுத்தாங்க.

"பச்ச வேணாம்மா. அக்காவுக்குப் பச்ச ஆகாது. அரக்கு எடுத்துட்டு வா."

அம்மா என்ன ஒரு தடவ பார்த்தாங்க, எதுவும் கேக்கல, பையெடுத்துக்கிட்டு மறுபடியும் கடைக்குப் போனாங்க.